முதுகுக்கு ஒன்று, மயிருக்கு ஒன்று

லாமாவையும் அல்பாக்காவையும் அடையாளம் பிரிக்க முதலில் காதைப் பார்க்க வேண்டும். லாமாவின் காது நீளமானது. நுனி உள்பக்கமாக வளைந்திருக்கும். அல்பாக்காவின் காது குட்டை. நேராக நின்று நுனியில் கூர்ந்திருக்கும். அடுத்தது முகம். லாமாவுக்கு ஒட்டகச் சாயலில் நீண்ட முகம், அதில் மயிர் குறைவு. அல்பாக்காவின் முகம் சப்பையானது. நெற்றியிலிருந்து இறங்கும் மயிர்க்கற்றை சில சமயம் கண்ணையே மறைத்துவிடும். மூன்றாவது முதுகு. லாமாவின் முதுகு கழுத்தடியிலிருந்து மட்டமாகப் போய் மேலேறிய வாலில் முடியும். அல்பாக்காவின் முதுகு பின்பக்கம் சரிந்து இறங்கும், வாலும் தாழ்ந்திருக்கும். எடையில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி. வளர்ந்த லாமா சாதாரணமாக 100 கிலோவைத் தாண்டும், பெரிய கிடா 150 கிலோவுக்கு மேலும் போகும். அல்பாக்கா 50 முதல் 80 கிலோவுக்குள் நின்றுவிடும். லாமா தலை நிமிர்ந்தால் உயரமான ஓர் ஆளுக்குச் சமமாக வரும். அல்பாக்காவின் தோள் நம் இடுப்பைத்தான் எட்டும்.

பெருவுக்கோ பொலிவியாவுக்கோ போகிறவர் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்ல இவ்வளவு போதும். ஆனால் ஏன் இப்படி? ஒன்றின் முதுகு மட்டமாகவும் மற்றதன் மயிர் நெற்றிவரை அடர்ந்தும் போனதற்குக் காரணம் என்ன? இயற்கை மட்டும் போட்ட கோடு அல்ல இது. ஆண்டிஸ் மலைத்தொடரின் மேய்ப்பர்கள் ஆறாயிரம், ஏழாயிரம் ஆண்டுகளாகக் கிடாக்களைத் தேர்ந்தெடுத்து, இணை சேர்த்து, வேண்டாததைக் கழித்து உண்டாக்கிய வேறுபாடு. ஒரு விலங்கை முதுகுக்காக வளர்த்தார்கள், இன்னொன்றை மயிருக்காக வளர்த்தார்கள். இரும்பும் சக்கரமும் எழுத்தும் இல்லாமல் ஒரு சமூகம் செய்து முடித்த பெரும் படைப்புகளில் இதையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. மாச்சு பிச்சுவின் கற்சுவரைப் பார்த்து வியக்கிறவர்கள் அதன் முற்றத்தில் புல் மேயும் லாமாவையும் அதே வியப்போடுதான் பார்க்க வேண்டும்.

தென் அமெரிக்காவில் ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த விலங்குகள் நான்கு. குவானாக்கோவும் விக்குன்யாவும் காட்டு விலங்குகள். லாமாவும் அல்பாக்காவும் வீட்டு விலங்குகள். திமில் இல்லாததால் ஒட்டகத்தோடு இவற்றுக்கு உறவு என்று சொன்னால் பலருக்கு நம்பிக்கை வராது. ஆனால் ஒட்டகக் குடும்பத்தின் பிறப்பிடமே அமெரிக்கக் கண்டம்தான். நான்கு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வட அமெரிக்காவில் தோன்றிய அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்குப் போய் ஒட்டகமானது. இன்னொரு கிளை, சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனாமா நிலப்பகுதி கடலிலிருந்து எழுந்த பிறகு தெற்கே இறங்கியது. பிறந்த இடத்தில், கடைசிப் பனியுகம் முடியும் காலத்தில், குடும்பமே இல்லாமல் போய்விட்டது. பிரிந்து இத்தனை காலம் ஆகியும் ஒட்டகம், லாமா, அல்பாக்கா எல்லாவற்றுக்கும் குரோமோசோம்கள் 74-தான். 1998-ல் துபாயில் ஓர் ஆண் ஒட்டகத்தின் விந்தைக் குவானாக்கோப் பெண்ணுக்குச் செயற்கையாகச் செலுத்தி ஒரு குட்டியைப் பிறக்கவைத்தார்கள். அதற்கு 'ராமா' என்று பெயர் வைத்தார்கள்.

எந்த வீட்டு விலங்கு எந்தக் காட்டு விலங்கிலிருந்து வந்தது என்ற கேள்வி அறிவியலாளர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. லாமா குவானாக்கோவின் வழிவந்தது என்பதில் பெரிய தகராறு இல்லை, உருவமே காட்டிக்கொடுத்துவிடும். சிக்கல் அல்பாக்காவிடம்தான். 1758-ல் லின்னேயஸ் இரண்டையும் ஒட்டகத்தோடு ஒரே பேரினத்தில் சேர்த்துப் பெயரிட்டார். பிறகு வந்தவர்கள் அல்பாக்காவை லாமாவின் பேரினத்துக்கு மாற்றினார்கள். அதுவும் குவானாக்கோவின் வாரிசுதான் என்றார்கள் சிலர்; லாமாவும் விக்குன்யாவும் கலந்து பிறந்தது என்றார்கள் வேறு சிலர். விடைக்கான முதல் தடயம் பல்லில் இருந்தது. விக்குன்யாவின் கீழ் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எனாமல் பூச்சு வெளிப்பக்கம் மட்டுமே உண்டு. குவானாக்கோவின் பல் அகன்றது, வேர் விட்டு வளர்ச்சி நின்றுவிடுவது, எனாமல் பல்லைச் சுற்றிலும் இருக்கும். லாமாவின் பல் அப்படியே குவானாக்கோவின் பல். அல்பாக்காவின் பல்லில் எனாமல் விக்குன்யாவைப் போல வெளிப்பக்கம் மட்டும். வளர்ச்சியும் நெடுநாள் நிற்காது. பல்லைத் தேய்க்கும் முரட்டுப் புல் இல்லாத நாடுகளில் அல்பாக்கா வளர்ப்பவர்கள், மயிர் கத்தரிக்கும்போதே பல்லையும் தேய்த்துச் சீராக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பெருவின் ஹுனின் பகுதியில், கடல்மட்டத்துக்கு 4,400 மீட்டர் மேலே, டெலர்மச்சாய் என்றொரு பாறைக் குகைவாய் இருக்கிறது. 1970-களில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் டானியேல் லவாலே அதை அகழ்ந்தார். அங்கே கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தவர் ஜேன் வீலர். அடுக்கடுக்காக மண்ணை நீக்கிப் பார்த்தபோது, அடியில் மான் எலும்பும் காட்டு விலங்கு எலும்பும் கலந்து கிடந்தன. மேலே வர வர மான் குறைந்து ஒட்டகக் குடும்ப எலும்புகள் பெருகின. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் அல்பாக்காவின் பல் தலைகாட்டியது. அதே அடுக்குகளில் இன்னொரு மாற்றமும் தெரிந்தது: பிறந்து சில நாள்களே ஆன குட்டிகளின் எலும்புகள் திடீரென்று அதிகமாயின. வேட்டைக்காரன் பிறந்த குட்டியைத் தேடித் தேடிக் கொல்ல மாட்டான், அதில் இறைச்சி கிடையாது. காட்டில் திரிந்த மந்தையை ஒரே பட்டியில் அடைத்தால் சாணமும் ஈரமும் சேர்ந்து குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு நோய் வரும், கூட்டமாகச் சாகும். இன்றைக்கும் ஆண்டிஸ் மேய்ப்பர்களைப் படுத்தும் நோய் அது. செத்த குட்டிகளின் எலும்பே பட்டி இருந்ததற்குச் சாட்சியாகிவிட்டது. மனிதன் விலங்கைப் பழக்கிய முதல் நாள்களைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட நெஞ்சைத் தொட்ட சான்று வேறில்லை.

பல் சொன்னதை மரபணு உறுதிசெய்தது 2001-ல். வீலரும் பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, அல்பாக்காவின் மூதாதை விக்குன்யா என்று காட்டியது. அதன்பின் அல்பாக்காவின் அறிவியல் பெயரே மாறி விக்குன்யாவின் பேரினத்துக்குள் போனது. ஆக, ஒரே பட்டியில் தோளோடு தோள் உரசி நிற்கும் லாமாவும் அல்பாக்காவும் வெவ்வேறு காட்டுக் குடும்பங்களிலிருந்து வந்தவை.

இனி ஒவ்வொன்றும் செய்த வேலை. லாமாவின் முதுகில் ஏற்றக்கூடிய பொதி 25 முதல் 30 கிலோ. மாட்டையும் கழுதையையும் பார்த்துப் பழகிய நமக்கு இது அற்பமாகத் தெரியும். வளர்ந்த மனிதர் அதன்மேல் ஏறிச் சவாரி செய்ய முடியாது, ஏரும் வண்டியும் இழுக்கவும் அதைப் பழக்கவில்லை. ஆனால் கொலம்பஸ் வருவதற்கு முன் அமெரிக்கா முழுவதிலும் பொதி சுமக்கப் பழக்கப்பட்ட பெரிய விலங்கு இது ஒன்றுதான். வட அமெரிக்காவில் நாய் மேல் சிறு சுமை கட்டினார்கள், அவ்வளவே. காற்றில் பிராணவாயு குறைந்த உயரத்தில் லாமா மூச்சுத் திணறாமல் நடக்கும். அதன் சிவப்பணுக்கள் நீள்வட்ட வடிவம் கொண்டவை. மெல்லிய காற்றிலும் பிராணவாயுவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ஹீமோகுளோபின் அதற்கு. தீவனம் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை; 'இச்சு' என்ற முரட்டு மலைப்புல்லை வழியில் கடித்துக்கொள்ளும். பாதம் குளம்பு அல்ல. இரண்டு விரல், அடியில் மெத்தென்ற தோல் திண்டு. அதனால் கல்படிக்கட்டில் சறுக்காது, புல்தரையையும் கிழிக்காது. சுமை அளவுக்கு மீறினால் கால் மடக்கி உட்கார்ந்துவிடும். பிறகு இழுத்தாலும் எழாது. மேலும் தொந்தரவு செய்தால் இரைப்பையிலிருந்து புளித்த பச்சைச் சாற்றைக் கக்கி முகத்தில் துப்பும்.

பொதிக்குப் போவது ஆண் லாமா மட்டும், பெரும்பாலும் காயடித்தது. இரண்டு மூன்று வயதில் பழக்கத் தொடங்குவார்கள். பொலிவியாவின் உயுனி உப்புவெளியிலிருந்து உப்பை ஏற்றிக்கொண்டு பள்ளத்தாக்குகளுக்கு இறங்கி, அங்கே மக்காச்சோளமாக மாற்றிக்கொண்டு மலையேறுவது மேய்ப்பர்களின் ஆண்டுச் சுற்று. முன்னே போகும் லாமாவின் கழுத்தில் மணி, எல்லாவற்றின் காதிலும் வண்ண நூல் குஞ்சங்கள். பொதிமூட்டை தைத்த சாக்கு லாமா மயிரில் நெய்தது, பொதியைக் கட்டும் கயிறு லாமா மயிரில் திரித்தது, வழிதவறும் விலங்கை மிரட்டக் கல் வீசும் கவணும் அதே மயிரில் பின்னியது. நாளுக்குச் சுமார் 20 கிலோமீட்டர் நடப்பார்கள். லாரி வந்தபின் இந்தப் பயணங்கள் அருகிவிட்டன.

இன்கா பேரரசின் சாலைகளான 'காப்பாக் ஞான்' இந்த நடைக்கு ஏற்றபடி போடப்பட்டவை. கொலம்பியாவிலிருந்து சிலி, அர்ஜெண்டினா வரை இன்றைய ஆறு நாடுகளில் சுமார் 30,000 கிலோமீட்டர் பரந்த இந்தச் சாலை வலையை 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இடம் கொடுக்கத் தேவையில்லாததால் செங்குத்தான இடங்களில் படிக்கட்டாகவே ஏறிப்போகும் சாலை அது. படைக்கு வேண்டிய தானியமும் உலர்த்திய இறைச்சியும் துணியும் லாமா முதுகில் போயின. சேர்ந்தபின் பொதிசுமந்த லாமாவே உணவும் ஆனது. மந்தைக் கணக்கைக் 'கிப்பு' எனும் முடிச்சுக் கயிறுகளில் வைத்தார்கள். வழிபாட்டிலும் லாமாவுக்கே முதலிடம். சூரியனுக்கு வெள்ளை லாமா, படைப்புக் கடவுளான விராக்கோச்சாவுக்குப் பழுப்பு லாமா, இடிக்குப் பல நிறம் கலந்த லாமா பலி என்று பெர்னபே கோபோ என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார்.

வானத்திலும் ஒரு லாமா உண்டு. ஆண்டிஸ் மக்கள் விண்மீன்களை இணைத்து உருவம் காண்பதோடு, பால்வீதியின் கருந்திட்டுகளிலும் உருவம் கண்டவர்கள். அதில் பெரியது தாய் லாமா, பெயர் 'யக்கானா'. ஆல்பா செண்டாரி, பீட்டா செண்டாரி இரண்டும் அதன் கண்கள். மே மாத முன்னிரவில் கன்னியாகுமரிக் கடற்கரையில் தெற்கே பார்த்தால் அடிவானத்துக்கு மேலே அருகருகே தெரியும் அந்த இரு பிரகாசமான விண்மீன்களும் அவைதான்.

அல்பாக்காவுக்கு இந்த ஊர்வலத்தில் எல்லாம் இடமில்லை. அது உயரத்தை விட்டு இறங்கவும் விரும்பாது. 4,000 மீட்டருக்கு மேலே, பனியாற்று நீர் கசிந்து பரவும் சதுப்புப் புல்வெளிகளைப் 'போஃபெடால்' என்பார்கள். மெத்தைபோல அமுங்கும் மென்செடிகள் நிறைந்த அந்த ஈரநிலம்தான் அல்பாக்காவின் மேய்ச்சல். கலப்பு மந்தை வைத்திருக்கும் குடும்பங்கள் லாமாவை வறண்ட மேட்டுக்கு ஓட்டிவிட்டு அல்பாக்காவைச் சதுப்பில் விடுவார்கள். லாமா தனியே துணிந்து போகும். அல்பாக்கா கூட்டத்தை விட்டு நகராது. ஒன்றை மட்டும் பிரித்துத் தனியே கட்டினால் தவித்துப்போகும்.

அல்பாக்காவின் முழு மதிப்பும் அதன் மயிரில் இருக்கிறது. லாமாவின் மேல் இரண்டு அடுக்கு: வெளியே மழையை வழியவிடும் முரட்டு மயிர், உள்ளே மென்மயிர். மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த முரட்டு மேலடுக்கைக் குறைத்துக் குறைத்து, கிட்டத்தட்ட ஒரே அடுக்காக வளரும் மென்மயிரை அல்பாக்காவில் கொண்டுவந்தார்கள். விக்குன்யா மயிர் 12, 13 மைக்ரான்தான், உலகின் மிக நுண்ணிய விலங்கு மயிர்களில் ஒன்று. ஆனால் ஒரு விக்குன்யாவிடம் கிடைப்பது சில நூறு கிராம், அதுவும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. அல்பாக்காவோ ஆண்டுக்கு இரண்டு மூன்று கிலோ கொடுக்கும். நுண்மையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து அளவில் பல மடங்கைப் பெற்ற பேரம் அது. செம்மறிக் கம்பளியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு இதில் மிகக் குறைவு, கையில் எடுத்தால் வறண்டு வழுக்கும்.

அல்பாக்காவுக்குள்ளேயே இரண்டு வகை. பத்தில் ஒன்பது போல இருப்பது 'வாக்காயா'. மயிர் சுருண்டு உடம்பைவிட்டுச் செங்குத்தாக எழும்பி நிற்கும், அதனால் விலங்கு பருத்துத் தெரியும். அரிதானது 'சூரி', மயிர் தனித்தனித் திரிகளாக முறுக்கிக்கொண்டு சாமியாரின் சடைபோல இருபுறமும் தொங்கும், பட்டுப்போல மினுங்கும். முதுகுத்தண்டில் மயிர் இரண்டாகப் பிளந்து வகிடு தெரிவதால் சூரிக்குக் குளிர் அதிகம் உறைக்கும். அதனாலேயே உறைபனிக் காலத்தில் சூரிக் குட்டிகள் முதலில் சாகும். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை, இடையில் பல பழுப்பு, சாம்பல் சாயல்களாக, பெருவில் 22 இயல்நிறங்களைக் கணக்கிடுகிறார்கள். இன்கா காலத்தில் 'கும்பி' என்ற மிக நுண்ணிய துணியை இந்த மயிரில் நெய்தார்கள். தங்கத்தைத் தேடி வந்த ஸ்பானியருக்கு முதலில் புரியாதது, இன்காக்கள் தங்கத்தைவிடத் துணியை உயர்வாக மதித்ததுதான். அரசன் தன் படைத்தலைவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தது துணி. எதிரி முன்னேறி வரும்போது பின்வாங்கிய படைகள் கிடங்கில் இருந்த துணியைக் கொளுத்திவிட்டுப் போயின.

இவ்வளவு வேறுபாடு கொண்டவை சில விஷயங்களில் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. இரண்டிலும் பெண்ணுக்குக் கருமுட்டை மாதச் சுழற்சியில் வெளியாவதில்லை. இணை சேர்ந்த பிறகுதான் வெளியாகும். இணை சேர்வது இரண்டும் உட்கார்ந்த நிலையில். சினைக்காலம் பதினொரு மாதத்துக்குச் சற்று மேல், ஈற்றுக்கு ஒரு குட்டி. இரட்டை மிக அபூர்வம். குட்டி பிறப்பது பெரும்பாலும் காலையில். மலையில் மாலையானதும் குளிர் கொல்லும். அதற்குள் குட்டி எழுந்து, உடம்பு காய்ந்து, பால் குடித்தாக வேண்டும். மாடும் ஆடும் ஈன்ற குட்டியை நக்கித் துடைக்கும். இவற்றின் நாக்கு அவ்வளவு தூரம் வெளியே வராது, நக்கும் வழக்கமும் கிடையாது. தாய் மூக்கால் குட்டியை முகர்ந்து, தொண்டைக்குள் மெல்ல முனகிக்கொண்டே நிற்கும். வெயிலும் காற்றும்தான் ஈரத்தை உலர்த்த வேண்டும். அந்த முனகலைக் கேட்டுத்தான் குட்டி தன் தாயை அறிந்துகொள்ளும்.

இரண்டும் மந்தை முழுக்க ஒரே இடத்தில் புழுக்கை போடும். பட்டிக்காரருக்கு இது பெரிய உதவி. மரம் வளராத உயரத்தில் அந்த உலர்ந்த புழுக்கைதான் அடுப்பெரிக்கும், உருளைக்கிழங்கு வயலுக்கு உரமும் அதுவே. கூஸ்கோ வட்டாரத்தின் மார்க்ககோச்சா ஏரிப் படிவுகளை ஆராய்ந்தவர்கள், சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன் மக்காச்சோள மகரந்தமும், புழுக்கையில் வாழும் நுண்ணுண்ணிகளும் ஒரே காலத்தில் பெருகியதைக் கண்டார்கள். அந்த உயரத்தில் சோளம் விளைந்ததற்கு இந்த உரம் ஒரு காரணம் என்பது அவர்கள் முடிவு. இங்கிலாந்தில் பாகம் பாகமாகச் செய்து மலையேற்றிக் கொண்டுவந்து பூட்டிய 'யாவரி' என்ற நீராவிக் கப்பல் 1870-ல் டிட்டிகாகா ஏரியில் இறங்கியபோது, நிலக்கரி கிடைக்காத அந்த இடத்தில் அதன் கொதிகலன் எரிந்ததும் லாமாப் புழுக்கையில்தான்.

ரத்தத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு, அது மருத்துவத்துக்குப் பயன்பட்டிருக்கிறது. ஒட்டகக் குடும்பத்தின் எதிர்ப்பொருள்களில் ஒரு பகுதி மற்ற பாலூட்டிகளிடம் இருப்பதைவிடச் சிறியது, அமைப்பில் எளியது. 1993-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒட்டக ரத்தத்தில் கண்டுபிடித்து அறிவித்தது இது. அதிலிருந்து பிரித்தெடுக்கும் சிறு துண்டுகளை 'நேனோபாடி' என்கிறார்கள். பெரிய எதிர்ப்பொருள் நுழைய முடியாத இடுக்கிலும் அது போய் ஒட்டும். அரிதான ஒரு ரத்த உறைவு நோய்க்கான காப்லாசிசுமாப் என்ற மருந்து லாமாவின் எதிர்ப்பொருளிலிருந்து வந்தது. 2018-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. கொரோனாக் காலத்தில் பெல்ஜியத்தில் வளர்ந்த 'வின்டர்' என்ற லாமாவும் சுவீடன் ஆய்வாளர்களுக்காக ஓர் அல்பாக்காவும் ஒரே வேலைக்கு ரத்தம் கொடுத்தன.

இந்த இரண்டின் வரலாற்றில் மிகக் கொடிய அத்தியாயம் 1532-க்குப் பின் வருகிறது. ஸ்பானியர் வந்தபின் போரும் கொள்ளைநோயும் மேய்ப்பர்களைக் கொன்றன. உணவுக்காக மந்தைகள் கணக்கில்லாமல் வெட்டப்பட்டன. தாழ்ந்த நல்ல மேய்ச்சல் நிலங்களைச் செம்மறியும் மாடும் பிடித்துக்கொண்டன. எஞ்சிய மேய்ப்பர்கள் எஞ்சிய விலங்குகளோடு மிக உயரமான, வறண்ட நிலத்துக்கு ஒதுங்கினார்கள். 1545-ல் பொட்டோசி வெள்ளிமலை கண்டுபிடிக்கப்பட்டதும் ஆயிரக்கணக்கான லாமாக்கள் தாது சுமக்க அங்கே ஓட்டிப்போகப்பட்டன. பிறகு கோவேறு கழுதை வந்து அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது. தலைமுறைகளாகக் காத்த இனத்தேர்வு அறிவு ஆளோடு சேர்ந்து அழிந்தது. கையில் கிடைத்த கிடாவைக் கையில் கிடைத்த பெண்ணோடு சேர்க்க வேண்டிய நிலை. லாமாக் கிடாவும் பெண் அல்பாக்காவும் சேர்ந்தால் 'ஹுவாரிசோ', அல்பாக்காக் கிடாவும் பெண் லாமாவும் சேர்ந்தால் 'மிஸ்தி'. இரண்டும் மலடாகாமல் மேலும் ஈனக்கூடியவை. அதனால் கலப்பு மந்தைக்குள் ஊறிப் பரவியது. 2020-ல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, இன்றைய அல்பாக்காவின் மரபணுவில் 36 சதவீதம் வரை லாமாவிடமிருந்து வந்திருக்கலாம் என்று கணக்கிட்டது. பெருவின் கம்பளித் தரப்பட்டியலில் மென்மையான 'பேபி' தரத்திலிருந்து கீழே இறங்கி வந்தால், 29 மைக்ரானுக்கு மேற்பட்ட முரட்டுத் தரத்துக்கே 'ஹுவாரிசோ' என்று பெயர்.

இழந்தது எவ்வளவு என்பதைச் சொல்ல இறந்த விலங்குகளே கிடைத்தன. தெற்குப் பெருவின் மொக்கேகுவா அருகே எல் யாரால் என்ற இடத்தில், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிரிபாயா மக்கள் தங்கள் வீட்டுத் தரைக்கடியில் லாமாக்களையும் அல்பாக்காக்களையும் பலியிட்டுப் புதைத்திருந்தார்கள். பாலைவன மண்ணின் வறட்சியில் உடல்கள் தோலும் மயிரும் கெடாமல் காய்ந்துவிட்டன. அவற்றின் மயிரை உடலின் பல பகுதிகளிலிருந்து எடுத்து அளந்தார் ஜேன் வீலர். சில அல்பாக்காக்களின் மயிர் இன்றைய அல்பாக்காவைவிட நுண்மையாகவும், உடல் முழுக்க ஒரே சீராகவும் இருந்தது. லாமாவிலேயே மென்மயிருக்காக வளர்த்த ஒரு தனி வகை இருந்திருக்கிறது. இன்று அப்படியொரு லாமா கிடையாது. இன்கா பேரரசு தோன்றுவதற்கு முன்பே, பாலைவன ஓரத்துச் சிறு சமூகம் ஒன்று எட்டியிருந்த தேர்ச்சி இது. இன்றைய வளர்ப்பு நிலையங்கள் கணினியோடும் நுண்ணோக்கியோடும் எட்ட முயல்வது அதே இடத்தைத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அல்பாக்காவுக்கு மறுபடி மவுசு வந்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகர ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட், லிவர்பூல் கிடங்கில் யாரும் சீண்டாமல் கிடந்த அல்பாக்கா மூட்டைகளை 1836-ல் வாங்கினார். நெடுக்குக்குப் பருத்தி நூல், குறுக்குக்கு அல்பாக்கா நூல் என்று நெய்து லேசான, பளபளப்பான துணியைக் கொண்டுவந்தார். அதில் வந்த பணத்தில் அவர் கட்டிய சால்டேர் ஆலையும் தொழிலாளர் ஊரும் இன்று உலகப் பாரம்பரியச் சின்னம். பிரிட்டிஷ் இந்தியாவில் வக்கீல்களும் குமாஸ்தாக்களும் அணிந்த கறுப்பு அல்பாக்காக் கோட்டு இந்தத் துணி மரபில் வந்ததே. கனமான கம்பளிக் கோட்டை நம் வெயிலில் போட முடியாது என்பதால் இதற்கு இங்கே கிராக்கி இருந்தது. இந்த வியாபாரத்தை ஆஸ்திரேலியாவுக்குத் திருப்ப நினைத்த சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேயர், விலங்குகளை வெளியே கொண்டுபோகத் தடை இருந்தும், ஒரு மந்தையை ஆண்டிஸ் மலை கடத்தி 1858-ல் சிட்னியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே அந்தத் திட்டம் சில ஆண்டுகளில் கலைந்துபோனது. லாமாவை இப்படித் தேடிவர ஐரோப்பாவில் ஆளில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டுமே வட அமெரிக்காவுக்குப் போயின, போன இடத்திலும் வேறு வேறு வாழ்க்கை. காயடித்த ஒற்றை லாமாவைச் செம்மறி மந்தையில் விட்டால் அது மந்தையைத் தன் குடும்பமாக எடுத்துக்கொண்டு, நெருங்கும் கொயோட்டி நரியைத் துரத்தி மிதிக்கும். பண்ணைக்காரர்கள் அதைக் காவலுக்கு வைத்தார்கள். அல்பாக்காவோ முதலீட்டுப் பொருளானது. 1984-ல் இறக்குமதி தொடங்கியது; பதிவேட்டை மூடி வரத்தைக் கட்டுப்படுத்தியதால் ஒரு பெண் அல்பாக்கா பல்லாயிரம் டாலருக்கு விற்றது. அதன் மயிர் அந்த விலையை ஒருநாளும் ஈட்டித் தராது என்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகப் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் எச்சரித்தார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் சந்தை சரிந்தது. பல பண்ணைகளில் விலங்கை இலவசமாகக் கொடுக்கவும் ஆள் தேடினார்கள். துணிக்காக உருவாக்கிய விலங்கைத் துணியை மறந்து வளர்த்ததன் பலன் அது.

பிறந்த மண்ணில் இன்று லாமாக்கள் அதிகம் இருப்பது பொலிவியாவில். அல்பாக்காவில் பெரும்பங்கு, சுமார் 37 லட்சம், பெருவில் இருப்பதாக 2012 விவசாயக் கணக்கெடுப்பு சொன்னது. லாமா தன் வேலையை லாரியிடம் இழந்துவிட்டாலும் தாக்குப்பிடிக்கும் என்று நினைக்கிறேன். முரட்டுப் புல் தின்னும், வறட்சி தாங்கும், இறைச்சிக்கும் தேவை இருக்கிறது. கவலை அல்பாக்காவைப் பற்றித்தான். சாயம் ஏற்ற வசதி என்று ஆலைகள் வெள்ளை மயிருக்கே கூடுதல் விலை கொடுத்ததில் மந்தைகள் வெள்ளையாகிவிட்டன. கறுப்பும் சாம்பலும் பழுப்பும் அருகி, அவற்றைக் காக்கத் தனி மந்தைகள் வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, தண்ணீர். பெருவின் பனியாறுகள் கடந்த அறுபது ஆண்டுகளில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டன. கசிவுநீர் நின்றால் போஃபெடால் காயும், அங்கே இச்சுப் புல் ஏறும், அது லாமாவுக்குத்தான் ஆகும்.

ஓடையிலிருந்து சிறு வாய்க்கால் பிரித்து, நீரை மெல்லப் பரவவிட்டு, போஃபெடாலை அகலப்படுத்துவது ஆண்டிஸ் மேய்ப்பர்களின் பழைய கைவேலை. ஆண்டுதோறும் கரையைச் சீர்செய்ய வேண்டும், அடைப்பெடுக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். ஐரோப்பியக் கடையில் விலையுயர்ந்த ஸ்வெட்டராகத் தொங்கும் மயிருக்குப் பெருவின் பூனோ பகுதி மேய்ப்பர் வாங்குவது கிலோக் கணக்கில் சில டாலர்தான். அவர் பிள்ளைகள் அரெக்கிப்பாவுக்கும் லிமாவுக்கும் வேலை தேடிப் போகிறார்கள். வாய்க்கால் வெட்டத் தெரிந்தவரும், எந்தக் கிடாவை எந்தப் பெண்ணோடு சேர்க்கக் கூடாது என்று காதையும் முதுகையும் மயிரையும் பார்த்துச் சொல்லத் தெரிந்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள். அவருக்கு வெள்ளை மயிரோடு கறுப்பு மயிருக்கும் நியாயமான விலை கிடைக்கும் ஏற்பாடுதான் இப்போது பெருவில் முதலில் நடக்க வேண்டிய வேலை.